சர்க்கரை நோய் உள்ளவர்கள் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றலாமா?

பள்ளி நாளிலிருந்து கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, கண்ணாடியை விடுவதற்காகச் செய்யும் லேசர் சிகிச்சையான லேசிக் பற்றிக் கேள்விப்பட்டதும் ஆசை வருவது இயல்பு. அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் ஆசையோடு பயமும் சேர்ந்தே வரும். "சுகர் இருந்தா கண்ல கையே வைக்கக் கூடாது" என்பார் ஒருவர். "என் ஃப்ரெண்டுக்கும் சுகர்தான், பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, இப்போ கண்ணாடியே கிடையாது" என்பார் இன்னொருவர். இருவருமே தங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்து உங்கள் கண்ணைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியாது.

சர்க்கரை கண்ணுக்குள் எங்கெங்கே வேலை காட்டுகிறது, லேசர் எங்கே வேலை செய்கிறது என்ற இரண்டும் தெளிந்துவிட்டால் போதும். பிறகு மருத்துவர் "செய்யலாம்" என்றாலும், "வேண்டாம்" என்றாலும், "ஆறு மாதம் பொறுங்கள்" என்றாலும், ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

எந்த லேசர்?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "அப்பாவுக்குச் சுகர்னால கண்ணுக்கு லேசர் வச்சாங்க, ஆனா கண்ணாடி போகலையே" என்று கேட்பவர்கள் உண்டு. அவருக்குச் செய்தது வேறு லேசர். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கெட்டு, புதிதாகக் கண்டபடி முளைக்கும்போது, அந்தத் திரையில் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்து அவற்றை அடக்குவார்கள். பெரும்பாலும் பச்சை நிற ஒளிதான் அதற்குப் பயன்படும். இருக்கிற பார்வையைக் காப்பாற்றுவதுதான் அதன் நோக்கம். கண்ணாடிப் பவருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, உள்ளே வைத்த லென்ஸுக்குப் பின்னால் மங்கிப்போகும் சவ்வைத் திறக்க 'யாக்' லேசர் வைப்பார்கள். அது மூன்றாவது வகை.

நாம் இங்கே பேசுவது கண்ணின் முன்பக்கத்தைச் செதுக்கும் லேசர். எக்ஸைமர் என்று பெயர். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் அது. கண்ணுக்குத் தெரியாது. திசுவை எரிக்காமல், மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, மிக மெல்லிய அடுக்காக அகற்றும். ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான்தான் போகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுற்றியிருக்கும் திசுவைச் சுடாமல் இந்தக் கதிர் உயிர்த்திசுவை வெட்டும் என்பதை 1981ல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்தவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இரண்டு ஆண்டுகளில் ஸ்டீபன் ட்ரோகெல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து கார்னியாவிலும் அதைச் சோதித்துப் பார்த்தார். இன்று உலகெங்கும் நடக்கும் லேசிக்கிற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் படலம்தான் கார்னியா. ஒளியை வளைத்து விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இதுவே செய்துவிடும். மீதியைச் செய்வது அதற்குப் பின்னால், பாப்பாவைத் தாண்டி இருக்கும் இயற்கை லென்ஸ். கார்னியாவின் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிட்டப்பார்வை உள்ளவருக்கு அதன் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் ஒளி சரியான இடத்தில் போய் விழும். ஒரு டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) குறைக்க, வழக்கமான 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஏறத்தாழ 12 மைக்ரான் செதுக்க வேண்டும். மைனஸ் 4 உள்ளவருக்கு 50 மைக்ரான் அளவில் போகும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கைகளில் முக்கால்வாசி இதிலிருந்துதான் வருகிறது.

பவர் ஏன் ஆடுகிறது?

சர்க்கரை அதிகமாக இருந்த நாட்களில் போட்ட கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாமல் போன அனுபவம் பலருக்கு உண்டு. கடைக்காரர் தவறாகப் போட்டுவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. பாவம், அவர் மேல் தப்பில்லை.

நடப்பது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் நீரிலும் ஏறும். இயற்கை லென்ஸுக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை, தடையில்லாமல் உள்ளே போய்விடும். அங்கே அதில் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற பொருளாக மாறுகிறது. சார்பிட்டாலால் எளிதில் வெளியேற முடியாது. உள்ளேயே தங்கி, தன்னைச் சுற்றித் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. லென்ஸ் உப்புகிறது, அதன் ஒளியை வளைக்கும் திறன் மாறுகிறது, கூடவே கண்ணாடிப் பவரும் மாறுகிறது. சர்க்கரை ஏறியிருக்கும்போது பெரும்பாலும் மைனஸ் பக்கம் சாயும். சிகிச்சையில் சர்க்கரை இறங்கும்போது பிளஸ் பக்கம் நகரும். லென்ஸ் பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும்.

இப்போது ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 28. பல வாரங்களாகச் சர்க்கரை 300ஐச் சுற்றியே இருக்கிறது, அவருக்கே அது தெரியாது. கண்ணைச் சோதித்தால் மைனஸ் 3.5 வருகிறது. அந்தக் கணக்கில் கார்னியாவைச் செதுக்கிவிடுகிறார்கள். மறுவாரம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பிறகு சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டு, மாத்திரை தொடங்கி, இரண்டு மாதத்தில் கட்டுக்குள் வருகிறது. உப்பியிருந்த லென்ஸ் வடிகிறது. அவருடைய உண்மையான பவர் மைனஸ் 2.5தான். அதாவது ஒரு டயாப்டர் அதிகமாகவே செதுக்கியாகிவிட்டது. கண்ணாடியை விட ஆசைப்பட்டவர் இப்போது பிளஸ் 1 கண்ணாடிக்காரர்.

லேசர் துல்லியமாகத்தான் வேலை செய்தது. கொடுத்த அளவுதான் நிலையில்லாதது. லேசர் செதுக்குவது முன்னால் இருக்கும் கார்னியாவை. சர்க்கரை ஆட்டிவைப்பது பின்னால் இருக்கும் லென்ஸை. கார்னியாவை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கினாலும் லென்ஸ் ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது. இந்த ஒன்று புரிந்துவிட்டால், "எனக்குச் சுகர் இருக்கு, லேசிக் பண்ணலாமா?" என்ற கேள்வியே "என் சுகர் நிலையா இருக்கா, என் பவர் நிலையா இருக்கா?" என்று மாறிவிடும். என்னைக் கேட்டால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அதனால்தான் கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது என்பார்கள். எல்லோருக்கும் உள்ள விதிதான் இது. சர்க்கரை உள்ளவரிடம் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எடுத்த ஓர் அளவை நம்பாமல், சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை அளந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அன்றைய சர்க்கரை அளவையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும்.

புண் ஆறுவது எப்படி?

காலில் புண் வந்தால் சர்க்கரைக்காரர்களுக்குச் சீக்கிரம் ஆறாது என்று எல்லோருக்கும் தெரியும். கார்னியாவுக்கும் அது ஓரளவு பொருந்தும். கார்னியாவின் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்கள் அடியில் இருக்கும் ஒரு மெல்லிய சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாள்பட்ட சர்க்கரையில் இந்தச் சவ்வு தடித்துப்போகும், ஒட்டும் பிடி தளர்ந்துவிடும். சாதாரணக் கண்ணில் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும் சிராய்ப்பு இங்கே இழுத்தடிக்கும். மூடியது போலிருந்து மறுபடி உரியவும் செய்யும்.

நரம்புகள் இன்னொரு பக்கம். உடலிலேயே மிக அடர்த்தியாக நரம்புகள் ஓடும் இடங்களில் கார்னியாவும் ஒன்று. ஒரு தூசி விழுந்தாலே உயிர் போகிறாற்போல் வலிப்பது அதனால்தான். அந்த நரம்புகள் வலியை மட்டும் சொல்வதில்லை. கண்ணீரைச் சுரக்கச் சொல்வதும், மேல்தோல் செல்களை நலமாக வைத்திருப்பதும் அவைதான். சர்க்கரை கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதுபோல் இவற்றையும் மெல்ல மெல்லக் குறைக்கிறது. அதனால் சர்க்கரை உள்ள பலருக்குக் கண் ஏற்கெனவே வறண்டிருக்கும். லேசிக்கில், அடியில் செதுக்குவதற்காகக் கார்னியாவில் ஒரு மூடியை வெட்டித் தூக்கும்போது நரம்புகள் மேலும் அறுபடும். யாருக்குச் செய்தாலும் அதற்குப் பிறகு சில மாதங்கள் கண் வறட்சி இருக்கும். ஏற்கெனவே நரம்பு குறைந்த கண்ணில் அது கூடுதலாக இருக்கலாம்.

2002ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களின் 30 கண்களில் லேசிக்கிற்குப் பிறகு 47 சதவீதத்தில் சிக்கல்கள் வந்தன. சர்க்கரை இல்லாதவர்களிடம் அது 7 சதவீதத்துக்கும் குறைவு. சிக்கல்களில் பல, மேல்தோல் உரிவது, ஆறாமல் போவது போன்றவை. அந்த எண்ணைப் பார்த்துப் பல மருத்துவர்கள் கதவைச் சாத்தினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில், சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்து, உடலில் வேறு பாதிப்பு எதுவும் தொடங்காதவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தபோது, முடிவுகள் மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே இருந்தன. அந்த 2002 ஆய்வையும் கூடவே நினைவில் வையுங்கள். யாரையும் பிரித்துப் பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சாட்சி. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புண் ஆறுவதைக் கெடுக்கக்கூடிய நோய்களின் வரிசையில் சர்க்கரையையும் சேர்த்து, லேசிக்கிற்கு முன் யோசிக்கச் சொல்கிறது.

எந்த முறையைத் தேர்வது என்பதும் இங்கேதான் வரும். பிஆர்கே முறையில் மேல்தோலை முழுவதுமாக அகற்றிவிட்டுச் செதுக்குவார்கள். சாதாரணமாக அது மீண்டும் வளர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். வளர வேண்டியது அந்த மேல்தோலேதான் என்பதால், சர்க்கரை உள்ளவருக்கு இது நேரடிச் சோதனை. லேசிக்கில் மேல்தோல் பெரும்பாலும் தப்பிக்கும், நரம்புகள் அதிகம் அறுபடும். ஸ்மைல் முறையில் சில மில்லிமீட்டர் கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுத்துவிடுவார்கள். நரம்பிழப்பு அதில் குறைவு. காகிதத்தில் பார்த்தால் மூன்றாவதுதான் பொருத்தமாகத் தெரியும். ஆனால் கார்னியாவின் தடிமன், வடிவம், பவரின் வகை எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மருத்துவரிடம் "ஏன் இந்த முறை?" என்று கட்டாயம் கேளுங்கள்.

விழித்திரையைப் பார்க்காமல் ஒன்றும் செய்யக் கூடாது

இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் கண்ணாடிப் பவர்தானா, விழித்திரையில் நீர் கோத்திருப்பதா என்று தெரியாமல் கார்னியாவில் கை வைக்கக் கூடாது. சர்க்கரையால் விழித்திரையின் மையத்தில் வீக்கம் வந்திருந்தால், உலகின் எந்தக் கண்ணாடியும் எந்த லேசிக்கும் அந்த மங்கலைத் தீர்க்காது.

இதைப் பிரித்துப் பார்க்கக் கண் மருத்துவமனையில் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கண்ணை மூடி, மறு கண் முன்னால் சின்னஞ்சிறு துளை போட்ட அட்டையை வைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். வெறும் கண்ணில் மூன்றாவது வரியில் நின்றுபோனவர், துளை வழியாகப் பார்த்ததும் ஐந்தாறு வரிகளைக் கடகடவென்று படித்துவிட்டால், குறை பெரும்பாலும் பவரில்தான். துளை வைத்தும் அதே மூன்றாவது வரியிலேயே தடுமாறினால் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து போட்டு, விழித்திரையை ஓரம்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு.

விழித்திரையில் புது ரத்தக்குழாய்களோ மைய வீக்கமோ இருந்தால் லேசிக் எண்ணத்தை அப்போதைக்கு ஒத்திவைக்க வேண்டியதுதான். இன்னொரு காரணமும் உண்டு. லேசிக்கில் மூடி வெட்டும்போது கண்ணை ஒரு வளையத்தால் உறிஞ்சிப் பிடிப்பார்கள். அந்தச் சில நொடிகள் கண் அழுத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறும். நல்ல கண் தாங்கிக்கொள்ளும். கெட்டுப்போன ரத்தக்குழாய்கள் உள்ள கண்ணை அந்த நிலைக்கு ஆளாக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

எப்போது 'சரி' சொல்வார்கள்?

முதலில் பார்ப்பது மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால், அவற்றில் ஒட்டிய சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். பரிசோதனைக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. 7 சதவீதத்துக்குக் கீழே அல்லது அதையொட்டி இருந்தால் நல்லது. அதுவும் ஒருமுறை வந்தால் போதாது, தொடர்ந்து அப்படி இருக்க வேண்டும். சிறுநீரகத்திலோ கால் நரம்பிலோ பாதிப்பு தொடங்கியிருந்தால் கார்னியா நரம்பும் தப்பியிருக்காது என்று மருத்துவர் சந்தேகிப்பார். அது நியாயமான சந்தேகம்.

இங்கே ஓர் அவசரம் வேண்டாம். லேசிக் தேதி வாங்கவேண்டும் என்பதற்காக 11ல் இருக்கும் சராசரியை இரண்டே மாதத்தில் 6க்கு இறக்க முயலாதீர்கள். முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம் நடத்தி, 1993ல் முடிவுகள் வெளியான டிசிசிடி என்ற ஆய்வு, சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தினால் கண் பாதிப்பு நீண்ட காலத்தில் வெகுவாகக் குறையும் என்று நிரூபித்தது. ஆனால் அதே ஆய்வில், ஏற்கெனவே விழித்திரைப் பாதிப்பு இருந்த சிலருக்குச் சர்க்கரை வேகமாக இறங்கிய தொடக்க மாதங்களில் பாதிப்பு தற்காலிகமாகக் கூடியதும் தெரிந்தது. அதனால் படிப்படியாக, உங்கள் சர்க்கரை மருத்துவர் சொல்லும் வேகத்தில் இறங்குங்கள். இறங்கிய பிறகும், லென்ஸ் அடங்கிப் பவர் நிலையாக நிற்கிறதா என்று பார்க்கச் சில மாதங்கள் கொடுங்கள்.

வயதையும் யோசிக்க வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை பெரும்பாலும் நாற்பதை ஒட்டியோ தாண்டியோதான் தெரியவருகிறது. அந்த வயதில் கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி தேவைப்படும், அது லேசிக்கால் தீராது. மைனஸ் 2 உள்ள ஒருவர் ஐம்பது வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். லேசிக் செய்தால் தூரம் தெரியும், செய்தித்தாளுக்குக் கண்ணாடி வேண்டும். போதாதற்குச் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வரும். வந்தால் அறுவை சிகிச்சையில் வைக்கும் லென்ஸிலேயே தூரப் பவரைச் சரிசெய்துகொள்ளலாம். ஐம்பதை நெருங்குபவருக்குக் கார்னியாவைச் செதுக்குவதில் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. முதல் வகைச் சர்க்கரையோடு வளர்ந்து, நல்ல கட்டுப்பாட்டில், சுத்தமான விழித்திரையோடு இருக்கும் 25 வயதுக்காரரின் கணக்கு வேறு.

செய்த பிறகு

சொட்டு மருந்தால் மரக்கவைத்துச் செய்வதால் மயக்க மருந்து தேவையில்லை. ஆனாலும் சாப்பாட்டையும் இன்சுலினையும் அன்று எப்படி வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சாப்பிடாமல் வந்து மேசையில் சர்க்கரை இறங்கிப் படபடத்தால், கண்ணை அசைக்காமல் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முக்கியமான விஷயம் வலி. மற்றவர்களுக்கு வலிதான் எச்சரிக்கை மணி. கார்னியா நரம்பு மரத்திருந்தால் அந்த மணி அடிக்காது. மேல்தோல் உரிந்திருந்தாலும், கிருமி தொற்றியிருந்தாலும் "லேசா உறுத்துது, அவ்ளோதான்" என்று தோன்றும். அதனால் வலி இல்லை என்பதற்காக மறுநாள் பரிசோதனையையோ மறுவாரப் பரிசோதனையையோ தவறவிடாதீர்கள். சிவப்பு, மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம், நீர் வடிதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள். கண்ணைக் கசக்கவே கூடாது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைச் சொன்ன அளவுக்கு, சொன்ன மாதம்வரை விடாமல் போடுங்கள்.

கண்ணாடி போய்விட்டது என்றதும் சிலர் கண் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. தூரத்தில் எழுத்து பளிச்சென்று தெரிவதால் கண் நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். விழித்திரைக்குக் கார்னியாவில் நடந்தது எதுவும் தெரியாது. சர்க்கரை இருக்கும்வரை ஆண்டுக்கு ஒருமுறை பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனை லேசிக்கிற்கு முன்பு எவ்வளவு அவசியமோ, பின்பும் அவ்வளவு அவசியம்.

கண் அழுத்தம் பார்க்கப் போகும்போது, லேசிக் செய்திருக்கிறேன் என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். மெலிந்த கார்னியாவில் கருவி உண்மையைவிடக் குறைவான அழுத்தத்தைக் காட்டும். உண்மையில் ஏறியிருக்கும் அழுத்தம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, கண் நரம்பு அமைதியாகக் கெட்டுக்கொண்டிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு கிளாக்கோமா என்ற அந்தக் கண் அழுத்த நோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே கொஞ்சம் கூடுதல்.

கடைசியாகக் காகிதங்கள். லேசிக்கிற்கு முன் உங்கள் பவர் என்ன, கார்னியாவின் வளைவும் தடிமனும் எவ்வளவு, எத்தனை மைக்ரான் செதுக்கினார்கள் என்ற விவரங்களை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். இருபது ஆண்டு கழித்துக் கண்புரைக்காக இன்னொரு மருத்துவர் முன் உட்காரும்போது, உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிட அவர் முதலில் தேடுவது அதைத்தான். செதுக்கிய கார்னியாவைச் செதுக்காத கார்னியா என்று எடுத்துக்கொண்டு வழக்கமான சூத்திரத்தில் போட்டால் லென்ஸ் பவர் தப்பாக வரும். ஒரு நகலைக் கோப்பில் வையுங்கள், ஒன்றைப் படம் பிடித்துப் போனில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.